நாளைக்குச் சாப்பிடலாம்

பீர்க்கங்காய்க் கூட்டுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தோட்டத்துப் பூச்சிக்கும் லாரி நெரிசலுக்கும் தப்பிப் பிழைத்து வந்த காய் அது. மீந்துபோன பிறகும் வீட்டம்மா அதைக் கொட்டாமல், கிண்ணத்தில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டாள்.

"நல்லா இருக்கிறதைக் கொட்ட அவங்களுக்கு மனசே வரலை. நாளைக்கு என்னைச் சாப்பிடுவாங்க!" என்றது கூட்டு.

"என்னையும் அப்படித்தான் வெச்சாங்க," என்றது பின்னாலிருந்த பழைய சாம்பார்.

மறுநாள் கதவு திறந்தது. வீட்டம்மாவின் கை கூட்டைத் தாண்டிப் போய்ச் சாம்பாரை எடுத்தது. மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"அப்பாடா, கெட்டுப்போச்சு," என்று சிங்க்கில் கவிழ்த்தாள்.

பிறகு கூட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, அன்றைக்கு மீந்த பொரியலை முன்னால் வைத்தாள்.

"நாளைக்கு என்னைச் சாப்பிடுவாங்க!" என்றது பொரியல்.

பின்னாலிருந்த கூட்டு புளிக்க ஆரம்பித்திருந்தது.