பானட்டில் ஓர் ஒடுக்கு

இழுவை கூட்ட சூப்பர்சார்ஜர் மாட்டியதிலிருந்து ஜெரோமின் பழைய கார் ஏற்றத்தில் சூடேறித் திணறியது. இன்ஜினுக்குள் போகும் காற்றைக் குளிரவைக்க, லாரி ரேடியேட்டர் ஒன்றை வெட்டி மூன்று மாதம் பாடுபட்டு அவரே ஓர் இன்டர்கூலர் செய்தார். பொருத்திப் பார்த்தால் பானட் மூடவில்லை.

"இடிக்கிற இடத்தை வெட்டிடுங்களேன்," என்றாள் மனைவி அமலி.

அந்த இடத்தில்தான் மகள் ரெஜினா பத்து வயதில் ஏறிக் குதித்ததில் விழுந்த ஒடுக்கு இருந்தது. டிங்கரிங் செய்பவர் எத்தனை முறை கேட்டும் அதை எடுக்க ஜெரோம் விட்டதில்லை. அவள் தானாகக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு, நாலு வருஷமாக அவளோடு பேசியதும் இல்லை.

கையிலிருந்த கட்டரைக் கீழே வைத்தார்.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டலாமா? நம்பர் எங்கயாவது கிடைக்குமா?"

அமலி எதையும் பார்க்காமல் பத்து எண்களையும் கடகடவென்று சொன்னாள்.