மோட்டார் ரூமுக்குக் குடிபோனவர்

திருச்செங்கோட்டுக்கு மேற்கே காட்டுப்பாளையத்தில் பிறந்தவரும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு முப்பத்தெட்டு ஆண்டுகள் வடநாடெங்கும் சுற்றியவரும், வயது அறுபத்தொன்பது நிறைந்தவருமாகிய திருவாளர் அருணகிரி அவர்கள், சென்ற மாதம் ஒரு பாயையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு, கட்டிய மனைவியை வீட்டில் தனியே விட்டுவிட்டு, தோட்டத்து மோட்டார் ரூமுக்குக் குடிபோனார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா?

"கெழவன் கெழவியத் தள்ளி வெச்சுட்டான்" என்ற பேச்சு மேட்டூர் வரைக்கும் போயிற்று. அங்கே வாழ்க்கைப்பட்டிருந்த மகள் ரஞ்சிதா அடுத்த பஸ்ஸிலேயே புறப்பட்டு வந்தாள். அம்மாவைக் கையோடு அழைத்துப்போய், இனிமேல் தன்னோடே வைத்துக்கொள்வதென்று முடிவு கட்டியிருந்தாள்.

நடந்தது அவளுக்குத் தெரியாததல்ல. வேலையில் இருந்தவரை, மழைக்காலத்தில் வண்டி ஊர் திரும்பும்போது மட்டுமே அப்பா வீட்டில் இருப்பார். வேலையை விட்டு வந்த பிறகுதான் வினை பிடித்தது. ரிக் ஆட்களை விரட்டிய குரலிலேயே அடுப்படியையும் விரட்டினார்.

"இத்தனை உப்பா போடுவாங்க?"

"இத்தனை வருசமா எவன் வந்து அளந்து குடுத்தான்?"

தோட்டம், மாடு, பிள்ளை எல்லாவற்றையும் ஒற்றை ஆளாய்க் கட்டி மேய்த்த சின்னாயி அம்மாள் லேசில் அடங்குவாளா? விடிந்தால் சண்டை, விளக்கு வைத்தால் சண்டை. இருவருக்குமே பிரஷர் ஏறியது. ஒருநாள் சின்னாயி தண்ணீர்க் குடத்தோடு மயங்கி விழுந்தாள்.

"மாத்திரையை எவ்வளவு கூட்டுனாலும் இது எறங்காதுங்க. மொதல்ல ஊட்டுச் சண்டையை நிறுத்துங்க" என்றார் டாக்டர்.

அதற்கு மறுநாள்தான் அருணகிரி பாயைச் சுருட்டினார்.

ரஞ்சிதா நேராக மோட்டார் ரூமுக்கே போனாள்.

"ஏனுங்கப்பா, அம்மா மயங்கி உழுந்த மறுநாளே இங்க வந்துட்டீங்களே, நல்லாருக்குதுங்களா?"

"நெம்ப நல்லாருக்குது கண்ணு. ஜிலுஜிலுன்னு காத்து."

"ஊரே சிரிக்குதுங்க!"

"சிரிக்கட்டும் சாமி. சிரிச்சா அவுங்க பிரஷரும் எறங்குமல்ல."

ரஞ்சிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் அம்மாவ மேட்டூருக்கே கூட்டிட்டுப் போறனுங்க. இனி இங்க அனுப்ப மாட்டேன்."

அப்போதுதான் அருணகிரியின் முகம் வாடியது. "உங்கூட்டுல டவர் எடுக்குமா கண்ணு?" என்று கேட்டார்.

குடும்பம் இரண்டாகிற நேரத்தில் டவர் கவலை! ரஞ்சிதா விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தாள்.

"அம்மா, துணியெல்லாம் எடுத்து வை. எங்கூட்டுக்குப் போலாம். இனி நீ அங்கதான்."

"நான் எதுக்கு வாரேன்? உங்கப்பன் தோட்டத்துக்குப் போனதுல இருந்து தலைசுத்தலே இல்ல. டாக்டர் ஒரு மாத்திரைய நிறுத்தியே போட்டாரு."

ரஞ்சிதா திகைத்துப் போனாள். புருஷன் பிரிந்து போனதில் இவளுக்கு இத்தனை நிம்மதியா? கல்நெஞ்சம் அப்பாவுக்கு மட்டும்தான் என்று தவறாக எண்ணி வந்துவிட்டோமோ?

சின்னாயி கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். பரபரவென்று முகம் கழுவி, தலையை ஒதுக்கி, ஒரு துண்டு பூவையும் வைத்துக்கொண்டு கட்டிலில் வந்து அமர்ந்தாள். மணி ஏழு. போன் அடித்தது.

"அலோ, ஏனுங்க மாமா, சாப்பிட்டீங்களா?"

ரஞ்சிதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிறுவயதில், வடநாட்டிலிருந்த அப்பாவோடு மளிகைக் கடைப் போனில் அம்மா பேசக் கேட்ட அதே குரல். அந்தப் போனில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"வண்டி இன்னிக்கு எந்த ஊர்ல நிக்குதுங்க?"

"ராய்ப்பூர் தாண்டிட்டோம் அம்மிணி" என்றது போனில் அப்பாவின் குரல். "எரநூறு அடியிலயே தண்ணி பீச்சிருச்சு! மாத்திர போட்டியா?"

"போட்டனுங்க. அங்க குளுரு சாஸ்தியா?"

"கொஞ்சம் ஒதறுது. ஞாயித்துக்கிழமை லீவுல வாரேன். கோழி அடிச்சு வை. உப்பு மட்டும் உன்ற கைப்பக்குவத்துக்குப் போடு, அதுதான் சரியா இருக்கும்."

சின்னாயி அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சன்னலுக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில், தோட்டத்துக்குள் ராய்ப்பூரின் ஒற்றை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சற்று நேரத்தில் ரஞ்சிதா தனியாகவே மோட்டார் ரூமின் வாசலில் வந்து நின்றாள். அருணகிரி பதறி எழுந்தார்.

"அம்மா எங்க கண்ணு? பஸ் ஏத்திட்டியா?"

"இல்லீங்கப்பா. ராய்ப்பூர்ப் பக்கம் போற ஆள் கெடச்சாச்சுன்னு, அம்மா இந்தப் போர்வையக் குடுத்து உட்டாங்க."

மனைவியைத் தள்ளி வைத்தவர் என்று ஊரே பேசிய அருணகிரியின் வழக்கு, அவரே வென்றவராக, தை மாதம் ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை மாலை தீர்ந்தது.