வாய்க்குள் பேசுகிறவர்கள்

மேனேஜர் ஏதோ கேட்டார்.

எதிரே நின்ற டிரைவருக்குப் பாதிதான் காதில் விழுந்தது. காகிதத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டே கேட்டால் யாருக்குத்தான் விளங்கும்? போதாததற்கு மேசை மேல் ஒரு ஃபேன், பழைய டீசல் வண்டி மாதிரி கடகடத்துக்கொண்டிருந்தது.

"ஆமாங்க" என்றார்.

மேனேஜர் அதை எழுதிக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற தரணி சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தான்.

தரணி அவர் ஓட்டும் வண்டிக்குக் கண்டக்டர். வயது இருபத்து நான்கு. வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம். அவருக்கு ஐம்பத்தாறு. பொள்ளாச்சி–உடுமலை ரோட்டில் ஸ்டியரிங் பிடித்தே இருபத்தெட்டு வருஷம் ஆகிறது.

முந்தாநாள் கோமங்கலம் ஸ்டாப்பில் ஓர் அம்மாள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வண்டி நகர்ந்துவிட்டது. விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துபோயிற்று.

பொறுக்கச் சொல்லி ஒற்றை விசில் அடித்தேன் என்கிறான் தரணி. ஒரு தடவை இல்லையாம், மூன்று தடவை.

பொய். அடித்திருந்தால் கேட்டிருக்காதா?

பயணிகளைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இருவரில் ஒருவருக்கு இன்றோடு வேலை போகும். அது யாருக்கு என்பதில் ஷெட்டில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

'இந்தக் காலத்துப் பசங்க' என்று ஆரம்பித்தாலே போதும். மீதியை எதிரில் இருப்பவர் முடித்துவிடுவார். காலையில் டீக்கடையில் இன்னொரு டிரைவரான சென்னியப்பன் அப்படித்தான் முடித்துக் கொடுத்தார். எப்பப் பாரு செல்லு. கழுத்தில் ஒயர். பெரியவங்க என்கிற மட்டு மரியாதை கிடையாது.

அவருக்கு அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இவர்கள் வாயைத் திறந்து பேசுவதே இல்லை.

எல்லாம் வாய்க்குள்.

தரணி அப்படித்தான். பேங்கில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணும் அப்படித்தான். பெங்களூரில் இருக்கும் அவர் பெற்ற மகனே அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி முணுமுணுவென்று எதையோ சொல்வான். "சரி சாமி, சரி சாமி" என்று இவர் வைத்துவிடுவார். என்ன சொன்னான் என்று மனைவி கேட்பாள். நல்லா இருக்கானாம் என்பார்.

சென்னியப்பன் பேசினால் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும். பேச்சு என்றால் அது.

இந்தப் பொடிசுகளிடம் போய் என்ன, என்ன என்று நூறு தடவை கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? வயசுக்கு ஒரு கௌரவம் வேண்டாமா? யார் எதைச் சொன்னாலும் ஆமாங்க என்றுவிடுவார். இதுவரை அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

தரணியின் முகம் வெளுத்திருந்தது.

கத்துவான் என்று நினைத்தார். கத்தட்டும், மேனேஜரும் பார்க்கட்டும்.

அவன் கத்தவில்லை. அவன் பார்வை அவர் கண்ணிலிருந்து காதுக்குப் போயிற்று. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

இவன் அவரைப் பற்றி ஷெட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தது அவர் காதுக்கும் வந்திருந்தது. சென்னியப்பன் மூலமாக. பெருசுக்குத் திமிர். கூப்பிட்டா திரும்பாது. கேட்டதுக்குப் பதில் சொல்லாது. நம்மளயெல்லாம் மனுசனாவே மதிக்காது.

இப்போது அவன் முகத்தில் அது இல்லை. வேறு ஏதோ இருந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. திமிர் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்ததே தேவலை.

தரணி எட்டி ஃபேனை அணைத்தான். மேனேஜரைக் கேட்கவில்லை.

அவருக்கு நேர் எதிரே வந்து நின்றான். ஒவ்வொரு வார்த்தையாக, உரக்கச் சொன்னான்.

"நான் போன் பாத்துட்டு இருந்தனான்னு சார் கேட்டாருங்ணா. அதுக்குத்தான் ஆமான்னீங்களா?"

முழுசாக வந்து விழுந்தது. ஒரு சொல் தப்பவில்லை.

கணீரென்ற குரல். ஏழு மாதத்தில் இன்றுதான் கேட்கிறார்.



அவன் கையில் போன் இருந்ததா இல்லையா என்று அவர் பார்க்கவே இல்லை. அவர் பார்த்தது கண்ணாடியை. கொஞ்ச நாளாகவே விசிலுக்குக் காத்திருப்பதில்லை. ஏறுகிறவர்கள் ஏறியது கண்ணாடியில் தெரிந்ததும் வண்டியை எடுத்துவிடுவார். அதற்கு அனுபவம் என்று பெயர் வைத்திருந்தார்.

இல்லை என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. பிறகு எதற்கு ஆமாம் என்றீர்கள் என்று கேட்பார்கள். காது கேட்காத டிரைவரை எந்த முதலாளி வண்டியில் ஏற்றுவான்?

சும்மா இருந்தால் போதும். எழுதியது எழுதியபடியே இருக்கும். பையன் போவான். யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

மேனேஜர் நிமிர்ந்தார். அவரைப் பார்த்து மறுபடி ஏதோ கேட்டார்.

மீசைக்குக் கீழே உதடு அசைந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. ஃபேன் நின்றிருந்தது; இருந்தும் ஒன்றும் வரவில்லை.

ஆமாங்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அதை விழுங்கிக்கொண்டு தரணி பக்கம் திரும்பினார்.

"எனக்குக் காது கேக்கறதில்ல கண்ணு. சார் என்ன கேக்கறாருன்னு நீ சொல்லு."