இருக்காதா

மின்னஞ்சலைப் படித்ததும் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை.

'சார், காலையிலேர்ந்து உங்க பல்பத்துக்கிட்ட சொல்லிச் சொல்லி ஒரு மனு எழுதினேன். பென் டிரைவைப் பிடுங்கிட்டா எழுதினது எதுவுமே இருக்காதா?'

பெயர் இல்லை. கீழே 'ஒரு சகோதரி' என்று மட்டும் போட்டிருந்தது.

இருக்காதாவாம்.

இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் பீளமேட்டில் இந்த மொட்டைமாடி அறையில் இரண்டரை வருஷமாக உட்கார்ந்திருக்கிறான்.

பென் டிரைவைச் செருகினால் எந்தக் கணினியிலும் அவன் செய்த லினக்ஸ் இயங்குதளம் எழுந்து நிற்கும். பிடுங்கினால் அதுவரை செய்தது எல்லாம் மறந்துபோகும். அதனால் சிலேட்டு என்று பெயர் வைத்தான். அதற்குள்ளேயே ஒரு செயற்கை நுண்ணறிவு. இணையம் இல்லாமலே கடிதம், மனு எழுதிக் கொடுக்கும். சொன்னதை யாரிடமும் போய்ச் சொல்லாது. அதற்குப் பல்பம் என்று பெயர். அனுப்ப வேண்டுமென்றால் ஒரு தற்காலிக மின்னஞ்சல் முகவரியும் கிடைக்கும். சிலேட்டை அணைத்தால் அந்த முகவரியும் செத்துப்போகும்.

எல்லாவற்றையும் வலைத்தளத்தின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான்.

எவன் படிக்கிறான்?

எதிர்வீட்டுக்காரர் ஆதார் எண்ணைத் தெருவுக்கே கேட்கும்படி போனில் ஒப்பிப்பார். அண்ணி தன் பிறந்தநாளையே எல்லாவற்றுக்கும் கடவுச்சொல்லாக வைத்திருக்கிறாள். இந்த ஜனங்களின் ரகசியத்தைக் கட்டிக் காக்கத் தன் கண் கெடுகிறதே என்று நினைத்தாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது இவள். மறப்பதற்கென்றே செய்த பொருளிடம் வந்து, ஞாபகம் வைத்திருக்காதா என்று மூக்கைச் சிந்துகிறாள்.

தன் கையால் பதில் எழுதக்கூட அவனுக்கு மனசில்லை. எதிரே சிலேட்டு ஓடிக்கொண்டிருந்தது. பல்பத்திடம் தட்டினான்.

'இந்த மாதிரி மண்டூகங்களுக்கு மரியாதையாக ஒரு பதில் எழுது.'

பல்பம் மரியாதையாகத்தான் எழுதியது. அந்த மரியாதையை எல்லாம் வெட்டிவிட்டு இரண்டே வரி அனுப்பினான்.

'எதுவும் இருக்காது. முதல் பக்கத்தைப் படிக்கவும்.'

காப்பி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. ஒப்பாரியை எதிர்பார்த்துத் திறந்தான்.

'ரொம்ப நன்றிங்க சார். அதுதான் எனக்கு வேணும். மனு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயாச்சு. நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் இவருக்குத் தெரிஞ்சா என்னை உயிரோட விடமாட்டார். பென் டிரைவுல என்னடி வச்சிருக்கேன்னு கதவைத் தட்டிக்கிட்டே இருக்கார். இப்பவே பிடுங்கி அவர் கையிலேயே குடுத்துடறேன். தேடிக்கட்டும்.'

முதல் கடிதத்தை மறுபடி பார்த்தான்.

இருக்காதா.

போய்விட்டதே என்று அவள் அழவில்லை. போய்விடும் அல்லவா என்று கேட்டிருக்கிறாள். அழுகையைச் சேர்த்துப் படித்தது அவன்.

கொஞ்சம் கூசியது. கொஞ்சம்தான். அதைவிடப் பெருமை அதிகமாக இருந்தது. இரண்டரை வருஷத்தில் முதல் முறையாக ஒருத்திக்குப் புரிந்திருக்கிறது. 'தேடிக்கட்டும்.' இதை அப்படியே வலைத்தளத்தில் போடலாம். பக்கத்திலேயே, ஒரு சுவடும் இல்லாத பென் டிரைவின் படம்.

படம் எடுக்க வேண்டும் என்று சிலேட்டை அணைத்தான். பென் டிரைவைப் பிடுங்கி மடிக்கணினியில் செருகினான்.

சிலேட்டின் சொந்தக் கோப்புகள் வரிசையாக இருந்தன. அவை இருக்க வேண்டியவைதான்.

கடைசியில் ஒன்று கூடுதலாக இருந்தது. 'சோதனை' என்று பெயர்.

திறந்தான்.

'இந்த மாதிரி மண்டூகங்களுக்கு மரியாதையாக ஒரு பதில் எழுது.'

அவன் தட்டியது. ஒரு எழுத்து குறையாமல், நேரம் போட்டு.

பல்பம் ஒழுங்காகப் பேசுகிறதா என்று பார்க்க, அதனிடம் சொல்வதையெல்லாம் பென் டிரைவிலேயே எழுதி வைக்கும்படி போன மாதம் நிரலில் ஒரு வரி சேர்த்திருந்தான். வெளியிடும் முன் எடுத்துவிட வேண்டிய வரி. போன வெள்ளிக்கிழமை புதிய பதிப்பை வெளியிட்டான். வரியை எடுக்கவில்லை.

சனிக்கிழமையே ஒருவர் எழுதியிருந்தார், பென் டிரைவில் ஏதோ புதுக் கோப்பு தெரிகிறது, ஒருமுறை பாருங்கள் என்று. அவருக்கும் முதல் பக்கத்தைப் படிக்கச் சொல்லித்தான் பதில் போட்டிருந்தான்.

காலையிலிருந்து சொல்லிச் சொல்லி எழுதியிருக்கிறாள்.

'குடுக்காதீங்க' என்று அடித்தான். 'உடைச்சுப் போடுங்க. குடுக்காதீங்க.' அனுப்பினான்.

உடனே பதில் வந்தது.

'இந்த முகவரி இப்போது இல்லை. சிலேட்டு தன்னைப் பயன்படுத்துவோரைக் காட்டிக்கொடுப்பதில்லை.'

அந்த வாசகத்தை எழுதியவனும் அவன்தான். நன்றாக வந்திருக்கிறது என்று அன்றைக்கு இரண்டு தடவை படித்து ரசித்தான்.

மறுபடி அனுப்பினான். அதே வாசகம்.

யார் அவள், எந்த ஊர், எந்தத் தெரு? கண்டுபிடிக்க ஒரு வழி இல்லை. எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது என்று மார்தட்டியிருக்கிறான். நிஜம்தான். அவனாலும் முடியவில்லை.

வெயில் ஏறி அறை கொதித்தது. மின்விசிறி போடத் தோன்றவில்லை. அந்தக் கோப்பு திரையில் திறந்தபடியே இருந்தது.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வந்த பதிப்பில் அந்த வரி கிடையாது. எத்தனையோ பேர் இன்னும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். புதியதற்கு மாறாத சோம்பேறிகள் என்று நேற்றுவரை அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தான்.

அவளிடம் இருப்பது பழையதாக இருக்காதா?