டிக் போடாத வாக்கியம்

“இந்தச் செல்விக்கு எவ்வளவு கொழுப்புன்னு பாருங்களேன்!”

சண்முகப்ரியா போனைக் கணவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். இடுப்பில் பிள்ளை, அடுப்பில் தோசை.

“என்ன பண்ணிட்டா?”

“பாஜிலா எழுதுனத அப்படியே காப்பி அடிச்சிருக்கா. அடிச்சதுதான் அடிச்சா, கீழ பாஜிலான்னு பேரையும் சேத்துல்லா எழுதி வச்சிருக்கா! பாஜிலாவுக்கு நான் போட்ட டிக்கக்கூட விடல.”

“டிக்கையும் அவளே போட்டுட்டாளா? உனக்கு வேலை மிச்சம்லா!”

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சங்கரன்கோவிலில் வீட்டில் இருந்தபடியே அவள் வாட்ஸ்அப்பில் நடத்தும் இங்கிலீஷ் வகுப்பு அது. முப்பது பெண்கள். காசு கிடையாது. வாரம் ஒரு சொல் கொடுப்பாள். அதை வைத்துத் தினமும் மூன்று வாக்கியம் நோட்டில் எழுதி, போட்டோ எடுத்துப் போட வேண்டும். சரியாக இருந்தால் அந்தப் போட்டோ மேலேயே டிக் போட்டுத் திருப்பி அனுப்புவாள். சாயங்காலம் எழுதியவர்களின் பெயர்களைத் தமிழில் வரிசையாகப் போடுவாள். ஒரு வாரம் எழுதாவிட்டால் பெயர் போய்விடும். அந்த இடத்துக்கு வர ஆள் காத்துக் கிடந்தது.

இசக்கிசெல்விதான் வகுப்பிலேயே கெட்டிக்காரி. மேலநீலிதநல்லூர் பக்கம் ஒரு சின்ன ஊர். அவள் வாய்ஸ் மெசேஜ் போட்டால் பின்னாலேயே மாமியார் குரலும் சேர்ந்து வரும்.

“ஏட்டி, இங்கிலீஷ் பேசி என்னத்தக் கிழிக்கப் போற? எருமைக்குத் தண்ணி காட்டுனியா?”

அந்தக் குரலைக் கேட்டுச் சிரிப்பதற்காகவே பல பேர் வகுப்புக்கு வந்தார்கள்.

‘லுக் ஆஃப்டர்’ கொடுத்த வாரம், நான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன், அண்ணன் கடையைப் பார்த்துக்கொள்கிறான் என்று எல்லோரும் ஒரே மாதிரி எழுதினார்கள். செல்வி மட்டும், “என் மாமியார் எருமையைப் பார்த்துக்கொள்கிறார், என்னை அல்ல” என்று இங்கிலீஷில் தப்பே இல்லாமல் எழுதியிருந்தாள். சிரித்த சிரிப்பில் சண்முகப்ரியா டிக் போட மறந்து, சிரிப்புப் பொம்மை ஐந்தைத் தட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஆறு நாள் ஆளையே காணோம். ஏழாம் நாளிலிருந்து இந்தக் காப்பி. எழுத்தும் கோணல்மாணல். போன் போட்டால் எடுப்பதில்லை. இப்படியே இருபது நாள் ஓடிவிட்டது.

அன்றைக்குப் பொறுக்க முடியாமல் குரூப்பிலேயே பேசிவிட்டாள்.

“செல்வி, படிக்க இஷ்டமில்லன்னா சொல்லிட்டுப் போயிருங்க. அடுத்தவ பேரையும் சேத்துக் காப்பியடிக்க வேண்டாம். நாளையோட உங்க பேர எடுத்துருதேன்.”

முப்பது பேரும் கேட்டார்கள். பாதிப் பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

மறுநாள் பதினோரு மணி வெயிலில் வாசலில் ஒரு அம்மா வந்து நின்றாள். கையில் கட்டைப்பை.

“இங்கிலீஷ் டீச்சர் வீடு இதானா?”

குரலைக் கேட்டதுமே ஆள் தெரிந்துவிட்டது. செல்வியின் மாமியார் தங்கத்தாய்.

“வாங்கம்மா. மருமவளச் சொல்லிட்டேன்னு சண்டைக்கு வந்தியளா?”

“அவ காப்பி அடிக்க மாட்டா தாயி. நான்தான் அடிச்சேன்.”

“நீங்களா?”

“இங்கிலீஷ்ல எது படிப்பு, எது பேருன்னு எனக்கு என்ன தெரியும்? அந்தப் பிள்ளை போட்டதப் பாத்து, கோலம் போடுத மாதிரி வரைஞ்சேன். போட்டோ புடிச்சு அனுப்புதத அவகிட்ட எத்தன நாள் பாத்துருக்கேன்.”

“செல்வி எங்க?”

தங்கத்தாய் பையைத் தரையில் வைத்தாள். தானும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“காய்ச்சல்னு படுத்தா. அந்த வாரம்தான் எருமையும் தீனி எடுக்காமப் படுத்துட்டு. எருமைக்கு டாக்டரக் கூட்டியாந்து ஊசி போட்டேன். அவளுக்குக் கஷாயம் போதும்னுட்டேன். அஞ்சாம் நாள்தான் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். போற வழியிலயே…”

சண்முகப்ரியா இடுப்புப் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

“ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொன்னா பேர எடுத்துருவியே! ரேஷன் கார்டுல எடுத்தாச்சு. பாக்க முடியலன்னு எம்மவன் செல்லுல இருந்த போட்டோவயும் அழிச்சுட்டான். சாயங்காலம் நீ போடுதியே, அந்த லிஸ்டுல மட்டுந்தான் அவ பேரு வருது. எழுத்துக்கூட்டிப் படிச்சுப் பாத்துக்கிடுவேன்.”

“உங்க மருமவ பேரு எங்கயும் போகாதும்மா. நான் எடுக்க மாட்டேன்.”

தங்கத்தாய் பைக்குள்ளிருந்து நோட்டை எடுத்தாள். ஒரு பக்கத்தைப் பிரித்து நீட்டினாள்.

“அவ கையால கடைசியா எழுதுனது இதுதான். என்ன எழுதியிருக்கான்னு படிச்சுச் சொல்லு.”

அதே வாக்கியம். எருமை, மாமியார், எல்லாம் குண்டு குண்டான அழகு எழுத்தில்.

சண்முகப்ரியா வரியில் விரலை ஓட்டிக்கொண்டே சொன்னாள்.

“என் மாமியார் என்னய மக மாதிரி பாத்துக்கிடுதாவன்னு எழுதியிருக்காம்மா.”

தங்கத்தாய் மடியிலிருந்து பேனாவை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

“நீ நல்ல பிள்ளை தாயி. வார வழியில, பஸ்ஸுல ஒரு காலேஜ் பிள்ளைட்ட இதுக்கு அர்த்தம் கேட்டுட்டேன். எம்மருமவ சரியாத்தான் எழுதியிருக்கா. ஒரு டிக் போட்டுக் குடு.”