அச்சில் வராத அத்தியாயம்

தங்கை குளிக்கப் போனதும் அவள் மேஜை இழுப்பறையைத் திறந்தேன்.

தேடியது மேலாகவே இருந்தது. அவள் நாவலின் கையெழுத்துப் பிரதி, எடிட்டரின் சிவப்பு மையோடு.

நாங்கள் இருவரும் ஒரே வருடத்தில், சொந்தச் செலவில் ஆளுக்கொரு நாவல் போட்டோம்.

“ஒரு எடிட்டர்கிட்ட குடுத்துப் பாருக்கா” என்றாள்.

என் எழுத்தில் இன்னொருத்தர் கை வைப்பதா? நேரே அச்சகத்துக்கு அனுப்பினேன்.

நாற்பதாம் பக்கத்தில் செத்துப்போன மாமியார், தொண்ணூறாம் பக்கத்தில் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். படித்தவர்கள் என்னிடம் அந்த டீயைப் பற்றி மட்டுமே விசாரித்தார்கள்.

அவள் நாவல் இரண்டாம் பதிப்புக்குப் போனது.

சித்தி முதல் ஆபீஸ் தோழி வரை அதைப் புகழ்ந்தபோதெல்லாம் பல் தெரியச் சிரித்தேன். வயிறு எரிந்தது.

“அவ எங்க எழுதினா? எல்லாம் அந்த எடிட்டர் எழுதிக் குடுத்தது” என்று நாலு பேர் காதில் போட்டும் வைத்தேன்.

இதோ, அத்தாட்சி என் மடியில்.

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எடிட்டர் ஒரு வரிகூட எழுதித் தந்திருக்கவில்லை.

அடித்திருந்தார். கேட்டிருந்தார். ‘இதை முன்பே சொல்லிவிட்டீர்கள்.’ ‘இவர் இப்போது எங்கே நிற்கிறார்?’ ‘இந்தக் கோபம் உண்மையில் யார் மேல்?’

ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் தங்கை பென்சிலால் மாற்றி எழுதியிருந்தாள். மாற்ற மாற்ற, சளசளவென்று கிடந்த வரி எழுந்து நின்றது.

எல்லாம் அவள் கைதான். அதுதான் இன்னும் எரிந்தது.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. நான் நிறுத்தவில்லை.

ஒன்பதாம் அத்தியாயம். புத்தகத்தில் இது கிடையாது. யாருக்கும் சொல்லாமல் மூன்று முறை படித்தவள் நான்; எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி. தங்கையின் கட்டுரையை அக்கா திருடித் தன் பெயரில் கொடுக்கிறாள். முதல் பரிசு. கூட்டத்தில் உட்கார்ந்து தங்கை கைதட்டுகிறாள்.

எங்கள் இருவரைத் தவிர இது யாருக்கும் தெரியாது. அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.

அத்தியாயம் முழுவதையும் அவளே பென்சிலால் குறுக்கே அடித்திருந்தாள்.

ஓரத்தில் சிவப்பு மை: ‘நாவலின் உயிரே இதுதான். தயவுசெய்து எடுக்காதீர்கள்.’

அதன் கீழே பென்சில்:

‘வேண்டாம் சார். அக்கா படிப்பா.’