மிளகு போடாத கறி

நெடுஞ்சாலைச் சந்திப்பில் குணசீலன் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டால் மட்டும் லாரியில் ஏறியதும் கண் சொருகுவதும், விழிக்கும்போது டேங்கில் டீசல் இல்லாததும் ஏனென்று டிரைவர் சடையப்பனுக்கு விளங்கவில்லை. இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடும். இன்று கவனித்தார். பஸ் பயணிகளுக்கு வெறும் கறி. லாரிக்காரர்களுக்கு மட்டும் தனிச்சட்டிக் கறி, மேலே கொரகொரப்பாக இடித்த மிளகு கைநிறைய. கொரகொர மிளகு கடிக்கக் கடிக்கக் காரம் விடும். நாக்குக்கு வேறெதுவும் தெரியாது.

“எனக்கு மிளகு வேணாம்ணே.”

“காரம் தாங்காதவன்லாம் லாரி ஓட்ட வந்துட்டான்!” குணசீலன் சிரித்துக்கொண்டே அதே தனிச்சட்டியிலிருந்து மிளகு தூவாமல் அள்ளி வைத்தான்.

முதல் வாயே தூக்க மாத்திரையைக் கடித்ததுபோல் கசந்தது.

“தூ! திருட்டுப் பொழப்புக்குச் சமையல் வேறயா?” சடையப்பன் மற்ற டிரைவர்களிடம் திரும்பினார். “மிளகு போடாமக் கேளுங்கப்பா. கசந்தா துப்பிட்டு வண்டிய எடுங்க.”